பதினேழாம் எண் குடுவை

பொன்விளைந்தகளத்தூர்
6 அக்டோபர் 2024

ரெஜினா,

போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். எடுக்கப்போவதில்லை. உன் குரலைக் கேட்டால் கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னால் நீ கேட்டதுதான் காதில் விழும். "அடுப்ப சரியா மூடினியா அண்ணி?" குழியில் இன்னும் மண் தள்ளி முடிக்கவில்லை அப்போது. அதனால்தான் தபால்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பதினோரு வருஷமாகக் காற்றைப் பிடித்து அளக்கிறவள் நீதான்.

பிப்ரவரி 28 காலையில் புதுப்பட்டினம் வீட்டில் கேஸ் நிரம்பியிருந்தது. உன் அண்ணன் ஷிப்டு முடிந்து வந்து கதவைத் திறந்து சுவிட்சைப் போட்டார். எரிந்தது எரிந்துவிட்டது. எரியாமல் ஜன்னல் வழியே போன மிச்சம் எங்கே? பக்கத்து வீட்டு சடையப்பன் தன் வாசல் வரைக்கும் அந்த நாற்றம் வந்ததாகச் சொன்னார். அதற்கப்புறம் அது எங்கே போனது? காற்றில் இன்னும் இருக்கிறதா?

இங்கே எங்கள் அண்ணன் வீட்டில் சாயங்காலம் கடல் காற்று வரும். எல்லாரும் வாசலில் உட்காருவார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். "இன்னா அம்சா, ஊரே காத்து வாங்குது, நீ ஏன் பூட்டிகினு கெடக்குற?" என்று அண்ணன் கேட்கிறார். அது புதுப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிற காற்று என்று எப்படிச் சொல்வது?

இதற்கு மட்டும் பதில் எழுது.

அம்சா


செங்கல்பட்டு
13 அக்டோபர் 2024

அண்ணிக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மாலை வரை மேசையில் வைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. அது இப்போது காற்றில் இல்லை.

சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தவை. வெளியே வந்துவிட்டால் வெயில் அவற்றை விட்டுவைப்பதில்லை. நேரடியாக வெயில் அல்ல. வெயில் பட்டு, காற்றில் உள்ள ஓசோனும் ஈரமும் சேர்ந்து, ஹைட்ராக்சில் என்று ஒன்று உண்டாகிறது. ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், அவ்வளவுதான் அதன் உடம்பு. ஒரு நொடிகூட வாழாது. அந்த ஒரு நொடிக்குள் எதிரே வரும் வாயுவிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும். பிடுங்கப்பட்டது பழையபடி இருக்க முடியாது. ஆக்சிஜன் வந்து ஒட்டும், உடையும், மறுபடி உடையும். புரொப்பேன் வழியில் அசிட்டோன் ஆகிறது, நகப்பூச்சை அழிக்கும் அதே திரவம். கடைசியில் கரியமில வாயுவும் நீரும்தான் மிச்சம்.

பியூட்டேனுக்கு ஒரு வாரம், புரொப்பேனுக்கு இரண்டு வாரம் போதும். நம் கடற்கரையில் வெயிலும் ஈரமும் அதிகம் என்பதால் அதைவிடக் குறைவாகவே ஆகும். எல்லாம் ஒரே நாளில் மறையாது, நாளுக்கு நாள் குறைந்து ஒன்றுமில்லாமல் போகும். ஈத்தேன் இரண்டு மாதம் தாங்கும். மீத்தேன்தான் பிடிவாதம், பத்து வருடம்வரை கிடக்கும். ஆனால் நம் அடுப்பில் வருவது மீத்தேன் இல்லை.

ஆகவே மார்ச் பாதியிலேயே அது இல்லாமல் போய்விட்டது. கதவைத் திறந்து வையுங்கள், அண்ணி.

கல்லறைத் தோட்டத்தில் கேட்டதைப் பற்றி எழுத முயன்றேன். இரண்டு தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

ரெஜினா


பொன்விளைந்தகளத்தூர்
25 அக்டோபர் 2024

ரெஜினா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஹைட்ராக்சில் புரியவில்லை. இரண்டு வாரம் புரிந்தது.

இரண்டே வாரத்தில் காற்றே மறந்துவிட்டதா? எனக்கு எட்டு மாசம் ஆகிறது.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். பின்பக்கம் மூன்று கல் வைத்து விறகில் சமைத்துத் தின்கிறேன். பார்வதம் அண்ணி உள்ளே கேஸில் சமைத்து முடித்ததும் நான் போய் அந்தக் குமிழைத் தொட்டுப் பார்க்கிறேன். வெளியே வந்து, மறுபடி போய்ப் பார்க்கிறேன். நேற்று எண்ணினேன், இருபத்தேழு தடவை. "அடியே, நீ தடவுற தடவுல குமிழு தேஞ்சி பூடும்" என்று அவள் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். சிரித்துவிட்டு இன்னொரு முறை போகிறேன்.

அன்று விடியுமுன் பால் காய்ச்சினேன். ஐந்தரைக்கு டவுன்ஷிப் வீடுகளில் சமையல் வேலைக்குக் கிளம்பினேன். மூடினேனா? மூடிய மாதிரி என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது அன்றைய கையா, முந்தின நாள் கையா? ஒரு நாளைக்கு நாலு வீட்டு அடுப்பை மூடுகிறவள் நான். எந்த வீட்டை எப்போது மூடினேன் என்று எப்படிச் சொல்வேன்? எல்லாம் உருகிக் கிடக்கிறது, எங்கே கசிந்தது என்று சொல்ல முடியாது என்று தீயணைப்புக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்புறம் நீ கேட்டாய். நீ கேட்டதும் முடிவாகிவிட்டது.

அவருக்கு மூக்கு இல்லை. கொரோனா வந்து போனதிலிருந்து எந்த வாசனையும் தெரியாது. "உன் மூக்குதான் நம்ம ரெண்டு பேருக்கும்" என்பார். அந்த வீட்டில் என் ஒரு மூக்குதான். வீட்டுக்குப் பின்னாலேயே கருவாட்டுச் சந்தை, எப்போதும் அந்த நாற்றம்தான். எனக்கு எதுவுமே தெரியவில்லையே. ஏன் தெரியவில்லை? இதற்கும் உன் படிப்பில் பதில் இருக்கிறதா?

அம்சா


செங்கல்பட்டு
3 நவம்பர் 2024

அண்ணிக்கு,

பதில் இருக்கிறது. கேஸுக்குத் தன் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றமுள்ள மருந்தைக் கொஞ்சம் கலக்கிறார்கள். ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால்தான் மூக்குக்கு எட்டும். மெதுவாகக் கசிந்து, ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் கலைந்துகொண்டே இருந்தால் யாருக்கும் தெரியாது. அதிலும் அது காற்றைவிடக் கனமானது. தரையோடு கிடக்கும். குற்றம் உங்கள் மூக்கில் இல்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் வாயுக்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த விஷயங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குச் சுலபமாக வருகிறது.

இன்றைக்கும் முடியவில்லை. மன்னியுங்கள்.

ரெஜினா


பொன்விளைந்தகளத்தூர்
9 நவம்பர் 2024

ரெஜினா,

சொல்லு. எதுவாக இருந்தாலும் சொல்லு. மிச்சம் இருப்பதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு மன்னிப்பு கேட்காதே.

அம்சா


செங்கல்பட்டு
17 நவம்பர் 2024

அண்ணிக்கு,

நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. அன்று திருவிடந்தையிலும் மாமல்லபுரத்திலும் காற்று பிடித்துவிட்டு உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வஞ்சிரம் வறுத்திருந்தீர்கள். பையில் ஒரு குடுவை மீந்திருந்தது. பந்து மாதிரி இருக்கும் எஃகுக் குடுவை, அண்ணன் 'காத்து டப்பா' என்பாரே, அது. எண் பதினேழு. உள்ளே இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் அதை வெளியே கொண்டுபோவோம். வால்வைத் திறந்தால் சுற்றியிருக்கும் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும்.

அண்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னா ரெஜி, ஊரு காத்தெல்லாம் புடிச்சிகினு போற, எங்க வூட்டு காத்து இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். நீங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "உங்க மூச்சு பட்டா டப்பாவே துரு புடிச்சிடும், குடுங்க அத அவகிட்ட" என்றீர்கள். திறக்கும்போது மூச்சை அடக்க வேண்டும், நம் மூச்சு உள்ளே போகக்கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. அண்ணன் கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டு, சமையல் மேடைக்குக் கீழே குனிந்து, வால்வைத் திருகினார். 'புஸ்' என்ற சத்தம் கேட்டதும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "போச்சு, கெட்டுப் போச்சு" என்று நானும் சிரித்தேன். சீட்டில் 'ஜெரோம் வீடு, மதியம் 3.10' என்று எழுதி ஒட்டினேன்.

குடுவைகளைப் பரிசோதித்த எண்கள் பிப்ரவரி 26 அன்று என் கைக்கு வந்தன. தீப்பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால்.

கடற்கரையில் புரொப்பேன் நூறு கோடியில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். பதினேழாம் எண்ணில் புரொப்பேனும் பியூட்டேனும் சேர்ந்து அதைப்போல ஒரு லட்சம் மடங்கு. மூக்குக்கு எட்டாத அளவுதான். ஆனால் அடுப்பு எரியாத ஒரு வீட்டில் இருக்கக்கூடாத அளவு. அன்று அடுப்பு அணைந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தேநீர்கூட பிளாஸ்கிலிருந்துதான் ஊற்றினீர்கள். மேடையைத் துடைத்துக் குமிழ்களையும் துடைத்ததை நான் பார்த்தேன். இரண்டும் மூடியிருந்தன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வேலையில் நம்ப முடியாத பெரிய எண் வந்தால் குடுவை அழுக்கு, அல்லது பிடித்தவர் ஏதோ தவறு செய்துவிட்டார் என்று பொருள். படகு எஞ்சின் புகை, பக்கத்தில் யாரோ பற்றவைத்த பீடி, இப்படி ஏதாவது. பதினோரு வருடத்தில் அப்படி நூற்றுக்கணக்கான எண்களைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அடித்தது தவறு என்று பின்னால் தெரிந்ததில்லை. இதையும் பார்த்தேன். அண்ணன் சிரித்தது ஞாபகம் வந்தது. நானும் புன்னகைத்தேன். சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு 'மாசு. நீக்கவும்' என்று எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அது மாசு இல்லை, அண்ணி. உங்கள் வீட்டுக் காற்று. மேடைக்குக் கீழே குழாயோ ரெகுலேட்டரோ எதுவோ அப்போதே கசிந்துகொண்டிருந்தது. ஒரு போன் செய்து 'சிலிண்டரை மூடிட்டு ஆளைக் கூப்பிடு' என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

சத்தியமாக, கல்லறைத் தோட்டத்தில் உங்களைக் கேட்டபோது அந்த எண் என் நினைவிலேயே இல்லை. செப்டம்பரில் எங்கள் ஆராய்ச்சி மாணவி வைஷாலி ஆண்டறிக்கைக்காகப் பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "மேடம், பதினேழ ஏன் அடிச்சீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அப்போதுதான் சீட்டை மறுபடி படித்தேன்.

28ஆம் தேதி காலையில் நீங்கள் குமிழை மூடினீர்களா என்பதை இந்த எண் சொல்லாது. மூடியிருந்தபோதும் அந்த வீட்டில் கேஸ் கசிந்தது என்று மட்டும் சொல்லும். நான் உங்களைக் கேட்ட கேள்விக்கான பதில் என் கையெழுத்திலேயே என் அலமாரியில் இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பரிசோதனைக்குக் கொஞ்சம் காற்றுதான் எடுப்போம். குடுவையில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. அடுத்த முறைக்கு எல்லாக் குடுவைகளையும் காலி செய்துவிடுவார்கள். 'மாசு' என்று ஒதுக்கியதால் இது மட்டும் காலியாகாமல் மூலையில் கிடந்தது, எடுத்து வைத்துவிட்டேன்.

ரெஜினா


பொன்விளைந்தகளத்தூர்
20 டிசம்பர் 2024

ரெஜினா,

ஒரு மாசமாக உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் எழுதினால் தாளே எரிந்துவிடும்.

செப்டம்பரில் உனக்குத் தெரியும். அக்டோபரில் நான் கேட்டேன். நீ எனக்குப் பாடம் நடத்தினாய். ஒரு நொடி வாழும், ஹைட்ரஜனைப் பிடுங்கும் என்று. அந்தத் தாளிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாமே, 'அண்ணி, உன் கை இல்லை' என்று. இருபத்தேழு தடவை தொட்டேன் என்று நான் எழுதினேன். அதைப் படித்த பிறகும் 'இன்றைக்கு முடியவில்லை' என்று எழுதினாயே, உனக்கு எப்படி மனசு வந்தது?

எண்ணை அடித்ததற்காக உன்னைத் திட்ட எனக்கு வரவில்லை. நீ பேனாவை எடுத்தது, நான் குமிழைத் திருகுவது மாதிரி. கை தானாகச் செய்வது. அதை நான் அறிவேன். ஆனால் சொல்லாமல் வைத்திருந்தது கை இல்லை.

கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவ வூட்டுக்கு ஒரு தபா போயிட்டு வரட்டா?" என்று சட்டையை மாட்டினார். நான்தான் தடுத்தேன். பார்வதம் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த டப்பாவைப் பற்றிக் கேட்கிறேன். மூடியே வைத்திருந்தால் உள்ளே இருப்பது அப்படியே இருக்குமா? இரண்டு வாரக் கணக்கு அதற்கும் உண்டா? அவர் சிரித்தாரே, அந்த மூச்சும் உள்ளே இருக்கிறதா?

அம்சா


செங்கல்பட்டு
27 டிசம்பர் 2024

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியது அத்தனையும் சரி.

குடுவைக்குள் வெயில் கிடையாது. வெயில் இல்லாமல் ஹைட்ராக்சில் இல்லை. ஆகவே அங்கே இரண்டு வாரக் கணக்கு செல்லாது. புரொப்பேனும் பியூட்டேனும் அப்படியே இருக்கும்.

அண்ணனின் மூச்சைப் பற்றி: மனித மூச்சில் ஐசோப்ரீன் என்ற வாயு மிகச் சிறிதளவு உண்டு. பதினேழாம் எண்ணின் வரைபடத் தாளில் அதற்கும் ஒரு சின்ன மேடு இருக்கிறது. பெரிய எண்ணை மட்டும் பார்த்ததால் அதை அப்போது கவனிக்கவில்லை. கேஸில் ஐசோப்ரீன் கிடையாது. அது குனிந்து சிரித்தவருடையதாகத்தான் இருக்க வேண்டும். இத்தனை மாதத்தில் அது குறைந்திருக்கலாம். முழுக்கப் போயிருக்காது என்று நினைக்கிறேன்.

திறந்துவிட்டால், வெயிலில் ஐசோப்ரீன் ஒரு மணி நேரம்கூட நிற்காது.

குடுவை கல்லூரியுடையது. ஜனவரி ஏழாம் தேதி திரும்பக் கொடுக்க வேண்டும். வைத்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் சொன்னால் கேட்டுப் பார்க்கிறேன். தொலைந்துவிட்டது என்றும் எழுதுவேன். திறக்க வேண்டும் என்றால் ஐந்தாம் தேதி ஞாயிறு, மதியம் பன்னிரண்டுக்குப் புதுப்பட்டினம் கடற்கரையில் இருக்கிறேன். வெயில் உச்சியில் இருக்கும் நேரம். நீங்கள் வராவிட்டால் திறக்காமல் திரும்பிவிடுவேன்.

ரெஜினா


பொன்விளைந்தகளத்தூர்
21 ஜனவரி 2025

ரெஜினா,

அன்று கரையில் நான் உன்னோடு பேசவில்லை. பேசினால் கத்துவேன், சுற்றிலும் வலை காய்கிறது, ஆள் இருக்கிறது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

டப்பாவைத் திறந்ததும் காற்று வெளியே வரும் என்று நினைத்துத்தான் முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அது உள்ளே இழுத்தது. என் மூச்சையே இழுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. பாதி காலியாக இருப்பதால் அப்படித்தான் ஆகும், முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றாய். உனக்கு எதையும் முன்பே சொல்ல வராது.

நீ பையிலிருந்து அவருடைய சைக்கிள் பம்ப்பை எடுத்ததும் உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். சைக்கிள் வெளியே நின்றதால் பிழைத்தது, அதோடு பம்ப்பும். டப்பாவுக்குள் காற்றை அடித்து வெளியே விட்டு, அடித்து வெளியே விட்டு, நானே செய்தேன். 'புஸ்' என்று ஒவ்வொரு முறையும் சத்தம் வந்தது. அவர் சிரித்த இடம் எது என்று ஒவ்வொரு 'புஸ்'ஸிலும் தேடினேன். நீ அந்தப் பக்கம் திரும்பி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாய். பழக்கம் போலிருக்கிறது. நான் அடக்கவில்லை.

ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்தாய். நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீயும் தள்ளி உட்கார்ந்திருந்தாய். உன் தலையில் வெயில் சுட்டிருக்கும். துண்டு கொடுக்க மனம் வந்தது. கொடுக்கவில்லை.

நேற்றோடு பதினைந்து நாள். எண்ணிக்கொண்டே இருந்தேன். உன் கணக்குப்படி அந்த வீட்டுக் காற்றில் பெரும்பகுதி போயிருக்கும்.

நேற்று சாயங்காலம் கடல் காற்று வந்தபோது கதவைச் சாத்தவில்லை. இன்று காலை பார்வதம் அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். நான் உள்ளே போய்க் கேஸைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன். காய்ச்சி முடித்ததும் குமிழை மூடினேன். வெளியே வந்தேன். ஒரு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. இரண்டாவது முறை போகவில்லை. இதை எழுதும்போதும் எழுந்து போக வேண்டும்போல் இருக்கிறது. போகவில்லை.

உன்மேல் இருக்கும் கோபத்துக்கு இரண்டு வாரம் போதாது, ரெஜினா. இரண்டு மாசமும் போதாது. மீத்தேன் என்று ஒன்று சொன்னாயே, பத்து வருஷம் கிடக்கும் என்று. இது அந்த ஜாதி.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே, நேரில் வா. வந்தாலும் நான் சரியாகப் பேசுவேன் என்று நினைக்காதே.

பத்து வருஷம் ஆகட்டும். அதுவரைக்கும் வந்துகினு இரு.

அம்சா